நாளைக்கென வைத்தல்: வீட்டு மதுச் சேகரம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பனங்கள் நாளையை அறியாத பொருள். பூநகரியிலோ முல்லைத்தீவுக் கரையோரத்திலோ விடியலில் முட்டியிலிருந்து வடித்த கள், நண்பகலில் காரமேறி, மாலையிற் புளித்து, இரண்டொரு நாளில் வினாகிரியின் தன்மையை அடையத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். அதனைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கி மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். கள்ளையே சூடேற்றிப் போத்தலில் அடைத்து விற்கும் முறையும் வடபகுதியில் உண்டு. ஆயின் அவ்வாறு அடைபட்ட கள் முதிர்வதில்லை. இருந்த இடத்தில் நின்றுபோகின்றது. ஆதலின் கள்ளைச் சேகரித்து வைத்தவன் என ஒருவனை வன்னியில் எவரும் புகழ்ந்ததுமில்லை, பழித்ததுமில்லை. அன்று இறக்கியதை அன்றே பகிர்வதைத் தவிர வேறு வழியை அப்பொருள் விட்டுவைக்கவில்லை.

வைன் என வழங்கும் முந்திரிகை மதுவின் இயல்பு வேறு. உலகில் வடிக்கப்படும் முந்திரிகை மதுவிற் பெரும்பகுதி சில ஆண்டுகளுள் அருந்துவதற்கென்றே ஆக்கப்படுவது எனினும், ஒரு சிறுபகுதி பத்து, இருபது ஆண்டுகள், சிலபோது அதற்கு மேலும், போத்தலுக்குள்ளேயே வளர்ந்து செல்கின்றது. துவர்ப்புப் பொருள்கள் மெல்ல ஒன்றோடொன்று இணைந்து மென்மையுறுகின்றன, புளிப்பு அடங்குகின்றது, பறித்த பழத்தில் இல்லாத மணங்கள் தோன்றுகின்றன. இதற்கு வேண்டிய நிபந்தனைகள் கண்டிப்பானவை. வெப்பநிலை ஏறக்குறைய 12 அல்லது 13 பாகை செல்சியசில் மாறாது நிற்றல் வேண்டும். வெளிச்சமும் அதிர்வும் ஆகா. தக்கை உலர்ந்து காற்றை உள்ளே விடாதிருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். போத்தலைக் கிடையாகப் படுக்கவைத்தலும் வேண்டும். ஐரோப்பியச் செல்வர் தம் வீடுகளுக்குக் கீழே நிலவறை அமைத்து, எந்தப் போத்தல் எவ்வாண்டில் வைக்கப்பட்டது, எப்போது திறக்கத்தக்கது எனக் குறிப்பேடும் எழுதிவைத்தனர்.

இத்தகைய சேகரமொன்றை வன்னியின் வீடொன்றில் வைத்தல் கூடுமா, கூடுமாயின் அது தகுமா என்பன இருவேறு வினாக்கள். முதலாவது பௌதிகம் சார்ந்தது; இரண்டாவது அறம் சார்ந்தது. எனினும் முதலாவதை ஆராயப் புகுவோர் தம்மையறியாமலே இரண்டாவதின் வாசலுக்கு வந்துசேர்வர்.

வன்னியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27, 28 பாகை. நிலத்தை ஆழத் தோண்டினாற் குளிர்ச்சி கிடைக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மை யாதெனின், சில மீற்றர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அவ்விடத்தின் ஆண்டுச் சராசரியை ஒத்து நிற்கும் என்பதே. பிரான்சின் ஷம்பெய்ன் பகுதியிற் சுண்ணக்கல்லைக் குடைந்த நிலவறைகள் 10 முதல் 12 பாகை வரை குளிர்ந்திருப்பதற்கு அந்நாட்டின் குளிர்ந்த ஆண்டே காரணம். கிளிநொச்சியில் எவ்வளவு தோண்டினும் 13 பாகை கிட்டாது. கிட்டுவது ஒன்றுண்டு, அது மாறாமை. மேலே தகரக் கூரையின் கீழ் பகலுக்கும் இரவுக்குமிடையே வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கீழே மண் ஒரே நிலையில் நிற்கும். குளிரூட்டிய அலுமாரி வாங்கலாமே எனின், 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றதை நினைத்துப் பார்த்தல் தகும்.

இன்று வன்னியிற் பல வீடுகளிற் காணத்தக்கது வேறொரு காட்சி. பிரான்சிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்த உறவினர் கொடுத்துச்சென்ற போத்தல் கண்ணாடி அலுமாரியில், மணமக்களின் படத்துக்கும் பிள்ளைகள் வாங்கிய வெற்றிக் கிண்ணத்துக்கும் இடையே நிமிர்ந்து நிற்கும். ஏதோவொரு நல்ல நாளுக்கென அது வைக்கப்பட்டிருக்கின்றது. விஸ்கியாயிற் பல்லாண்டு தாங்கும். முந்திரிகை மதுவாயின் இரண்டு மூன்று வெயிற் காலங்களில் தக்கை உலர்ந்து, நிறம் மங்கி, உள்ளிருப்பது கெட்டிருக்கும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. திறந்து பார்த்தாலன்றி அறியவியலாது. திறந்துவிட்டாலோ வைத்திருத்தல் முடிந்துவிடும்.

இப்பிரதேசத்தில் முந்திரிகை மதுவை முறையாகப் பேணும் கடமை பூண்ட இடமொன்று உண்டு. அது கத்தோலிக்க ஆலயங்களின் திருப்பண்ட அறை. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவியர் முந்திரிகை மதுவும் நெல்லிரசமும் தயாரிப்பதிற் பேர்பெற்றவர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, திருப்பலிக்குரிய மது முந்திரிகைப் பழத்தினின்று பெற்றதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. அங்கே மதுவைப் பேணுதல் ஒரு கடமை. ஆயின் அது சேகரம் அன்று. சில துளிகளாக நாள்தோறும் செலவாவதற்காகவே அது அங்கிருக்கின்றது. எவ்வளவு இருக்கின்றது என எவரும் பெருமைகொள்வதில்லை.

வைத்திருத்தலின் எல்லை பற்றி மேலைநாட்டுச் சிந்தனையில் மிகத் தெளிவாகப் பேசியவர் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக். 1689 இல் வெளிவந்த அரசு பற்றிய இரண்டாவது ஆய்வுரையில், ஒருவன் தன் உழைப்பினால் இயற்கையிலிருந்து எடுத்துக்கொள்வது அவனுக்கு உரியதாகும் என்றும், ஆயின் அது கெடுமுன் அவன் பயன்படுத்தக்கூடிய அளவே அவ்வுரிமையின் எல்லை என்றும் வாதிட்டார். ஒரு கிழமையில் அழுகும் பழத்தை ஓராண்டு தாங்கும் கொட்டைக்கு மாற்றிக்கொள்பவன் எவர்க்கும் தீங்கு செய்யவில்லை என்பது அவரது உதாரணம். கெடுதலே அவரது அளவுகோல். பயனின்றி அழுகவிடுபவன் பிறர் பங்கைத் திருடியவனாகின்றான். அழுகாத பொன்னையோ பணத்தையோ குவிப்பவன் அவ்வெல்லையைக் கடந்தவனல்லன். சுவையான செய்தியொன்று: இதே லொக் 1675 முதல் 1679 வரை பிரான்சில் வாழ்ந்தபோது முந்திரிகைத் தோட்டங்களைக் கூர்ந்து நோக்கி, முந்திரிகை, ஒலிவ பயிர்ச்செய்கை பற்றித் தனிக் கையேடொன்றும் எழுதினார். நூறாண்டுக்குக் கிட்டிய காலத்தின் பின், 1766 இல், அது அச்சேறியது. மதுவை இவ்வளவு அறிந்தவர், தம் அளவுகோலுக்கு மதுவே பெரும் இடையூறு என்பதைத் தம் ஆய்வுரையில் ஏனோ எடுத்துப் பேசவில்லை.

இடையூறு யாதெனின், கள் லொக்கின் விதிக்கு முற்றாக அடங்குகின்றது. அதனைப் பதுக்க முனைபவனை அது தானே தண்டித்துவிடும். முந்திரிகை மதுவோ வைக்க வைக்கச் சிறக்கின்றது. அதை இன்றே குடித்துத் தீர்ப்பவன்தான், லொக்கின் மொழியிற் சொல்வதாயின், அதன் பயனை வீணாக்குபவன் ஆகின்றான். ஆயினும் அதன் சிறப்புக்கும் ஓர் உச்சம் உண்டு. உச்சம் கடந்தபின் சரிவு. சரிவின் முடிவில் அதுவும் கள் சென்ற இடத்துக்கே செல்கின்றது. ஆகவே லொக்கின் எல்லை இங்கு அழிந்துபோகவில்லை. பொருளின் அளவிலிருந்து காலத்துக்கு இடம் மாறியிருக்கின்றது. எவ்வளவு வைத்தாய் என்பது போய், எந்நாளுக்காக வைத்தாய் என்பது வினாவாகின்றது. அந்நாள் வந்தபோது திறக்கக் கை வராதவன், முதல் நாளே கொட்டிக் கவிழ்த்தவனுக்கு எவ்வகையிலும் மேலானவனல்லன்.

மதுவை மண்ணிற் புதைத்து முதிரவிடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் பருகிய செய்தியைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் கூறுவார். 1945 இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது அம்மது வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஆயின் அது அரண்மனையின் கதை. தொலைவிலிருந்து வந்த பண்டத்தின் கதை. இக்கட்டுரைப் பொருளுக்கு அண்மையானது கபிலர் பாடிய 120ஆம் பாடல். பாரியின் நாட்டு வளத்தை நினைக்கும் கபிலர், தினையும் வரகும் அவரையும் விளைந்த முறையைச் சொல்லி, நிலத்திற் புதைத்து முதிர்ந்த தேறல் புல் வேய்ந்த குடிதோறும் வழங்கப்பட்டதையும் சொல்கின்றார். புதைத்தது எதற்காக என்ற வினாவுக்கு விடை அப்பாடலிலேயே இருக்கின்றது. ஒரு வீட்டு நிலவறையின் பெருமைக்காகப் புதைக்கப்பட்டதன்று அது. அறுவடை முடிந்த பருவத்தில் எல்லாக் குடிக்கும் ஊற்றுவதற்கென நாள் குறித்துப் புதைக்கப்பட்டது. எனினும் அப்பாடல் மகிழ்ச்சிப் பாடலன்று; மூவேந்தர் முற்றுகைக்குப் பின், பாரி மாண்டு, நாடு கைவிட்டுப்போன நிலையிற் பாடப்பட்டது. இனிப் புதைப்பார் இல்லாத மண்ணை நோக்கியே கபிலர் அவ்வளத்தை எண்ணுகின்றார்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். நெல்லைச் சேமித்தல் தேவை, மதுவைச் சேமித்தல் ஆடம்பரம். ஆதலின் முன்னது அறம், பின்னது பிழை என்பர். வன்னியின் வாழ்வை நோக்கின் இவ்வாதம் வலுவுடையது போலவே தோன்றும். கொம்பறையில் நெல், அதில் அடுத்த போகத்துக்கான விதைநெல் வேறாக, அடுப்படிப் புகையிற் பனாட்டு, கண்டி நாட்டிற் சிறையிருந்து 1679 இல் வனங்களினூடே தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ் எழுதிய நூலில், வேடர் மரப்பொந்தில் தேனை நிரப்பி அதனுள் இறைச்சியை இட்டுக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கென வைத்ததாகக் குறிப்புண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் உரமும் சீமெந்தும் மின்கலமும் வன்னிக்குள் வருவது தடுக்கப்பட்டபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. அவ்வீடுகளில் மூலையில் வைத்திருந்த ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் மதிப்பு எந்த நிலவறை மதுவுக்கும் இருந்ததில்லை.

ஆயினும் இவ்வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. தேவைப் பொருளைப் பதுக்குவதே பெரிய கொடுமையாகக்கூடியது. 1943 இன் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981 இல் வெளியிட்ட நூலில், அப்பஞ்சத்தை அரிசிக் குறைவால் மட்டும் விளக்கவியலாது என்றும், விலையேற்றமும் பதுக்கலும் வாங்கும் வலு அற்றுப்போனமையும் சேர்ந்தே இலட்சக்கணக்கானோரைக் கொன்றன என்றும் காட்டினார். தடைக்காலத்து வன்னியிலும் வீட்டு மூலையிலிருந்த மண்ணெண்ணெய்ப் போத்தல் சேமிப்பு எனப்பட்டது. விலையேற்றத்தை எதிர்பார்த்துக் கடையின் பின்னறையில் நின்ற பீப்பாய் பதுக்கல் எனப்பட்டது. இரண்டிலும் இருந்தது ஒரே எண்ணெய். மதுவில்லாமல் எவரும் இறப்பதில்லை. ஆதலின் மதுவைச் சேகரிப்பவன் நெல்லைப் பதுக்குபவனிலும் குற்றம் குறைந்தவன் என்றே கொள்ளல் வேண்டும். அவன் குற்றத்துக்குள் வருவது வேறொரு வாசலால். அரிய மதுவைப் போத்தல் போத்தலாக வாங்கிக் களஞ்சியத்தில் வைத்து, எவரும் அருந்தாமலே விலையேற்றத்துக்கு விற்று, வாங்கியவனும் அவ்வாறே விற்கும் முதலீட்டு முறை இன்று மேலைநாடுகளிற் பரவியுள்ளது. லொக் பணத்துக்கு அளித்த விலக்கு அங்கு மதுவுக்கும் கிடைத்துவிடுகின்றது. அங்கே வைக்கப்பட்ட போத்தலுக்கு நாளுமில்லை, ஆளுமில்லை. திறக்கப்படுவதற்கென ஆக்கிய ஒன்றை ஒருபோதும் திறவாமல் வைத்தலே அதன் பயன் என்றாகிவிட்டது. இது ஆடம்பரத்திலும் கீழானது.

நிலையாமையை உணர்ந்தோர்க்கு இவ்வாராய்ச்சியே வேண்டா எனத் தோன்றலாம். செல்வம் சகடக்கால்போல் உருள்வது, ஆதலின் சேமியாது வழங்குக என்பது நாலடியார் முதலிய நீதிநூல்களின் தெளிந்த போதனை. வன்னியின் அண்மை வரலாறு அதற்கு உரை எழுதியது போன்றது. 2008 இன் நடுப்பகுதியிலிருந்து மேற்கிலிருந்து கிழக்காக ஊர் ஊராக மக்கள் பெயர்ந்தனர். 2009 ஜனவரி தொடக்கத்திற் கிளிநொச்சி நகர் வீழ்ந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் யாவும் முடிந்தது. வீட்டை விட்டுப் புறப்படுமுன் பலர் வளவிற் குழி தோண்டினர். பாத்திரங்கள், தையல் இயந்திரம், கதவு நிலைகள், தண்ணீர் இறைக்கும் இயந்திரம், பொலித்தீனிற் சுற்றிய உறுதிகளும் படங்களும் மண்ணுக்குள் சென்றன. திரும்பிவருவோம் என்பதே அக்குழிகளின் பொருள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை கட்டங்கட்டமாக மீள்குடியேற்றம் நடந்தது. அடையாளமாக வைத்த மரம் நின்ற இடத்திற் சிலர் தோண்டி எடுத்தனர். மரமே இல்லாத இடத்திற் சிலர் நின்றனர். புதைத்தவர் இறந்துவிட, எங்கே புதைத்தார் என்பதை அறியாத பிள்ளைகள் வந்த வளவுகளும் உண்டு.

இதிலிருந்து, வைத்தது வீண் என்ற முடிவு பிறக்குமா? பிறவாது. நீதிநூலோர் நிலையாமையிலிருந்து ஈகைக்குச் சென்றது நல்ல பாய்ச்சல். ஆயின் நிலையாமையிலிருந்து சேமிப்பே மடமை என்பதற்குச் செல்வது தவறான பாய்ச்சல். நாளை உறுதி எனத் தெரிந்தவனுக்கு வைத்தலில் எந்தச் சிறப்புமில்லை. ஐரோப்பியச் செல்வன் தன் நிலவறையில் இருபதாண்டுக்கெனப் போத்தலைக் கிடத்தும்போது, அதே வீடும் அதே குடும்பமும் அதே சட்டமும் இருபதாண்டின் பின் இருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. அரசு தோன்றியதே உடைமையைக் காப்பதற்கு என லொக் எழுதிய உலகம் அது. பெயர்ந்துசெல்லும் காலையிற் குழி தோண்டியவரிடம் அவ்வுறுதி அணுவளவும் இல்லை. அரசும் வேலியும் காவாத இடத்தில் மண்ணை மட்டும் நம்பி வைத்த அச்செயல், நிலவறைச் சேகரத்திலும் மிகுதியான நம்பிக்கையைக் கேட்டது. அந்நம்பிக்கை பொய்த்த இடங்களில் அதனை அறியாமை என்று பேசுவது, முற்றுகையிட்டோரை விட்டுவிட்டுத் தேறலைப் புதைத்தோரைக் குறை சொல்வது போலாகும்.

மதுவியலிலிருந்தே இங்கு எதிர்மாறான உவமையொன்றைச் சிலர் எடுத்துவரக்கூடும். மதேரா மது கப்பலில் வெப்பமண்டலத்தைக் கடந்து அலைந்தமையாலேயே சிறப்புற்றது என்பது வரலாறு. பின்னர் அவ்வெப்பத்தைச் செயற்கையாகவே ஊட்டினர். இடப்பெயர்வும் மனிதரை அவ்வாறு பக்குவப்படுத்தும் என மேடைகளிற் பேசுதல் எளிது. பீப்பாயைக் கப்பலில் ஏற்றியவர்களுக்கு அது துறைமுகம் சேரும் என்பது தெரிந்திருந்தது என்ற ஒரு வேற்றுமையே அவ்வுவமையைக் கவிழ்க்கப் போதுமானது.

வைத்தலின் தகுதியை அளவாலோ, தேவை ஆடம்பரம் என்ற பிரிவாலோ, வைத்தது மிஞ்சியதா என்ற பலனாலோ அறுதியிட இயலாது என்பது இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். எஞ்சுவது, யாருக்காக என்ற வினா. ஆங்கிலேயரிடையே குழந்தை பிறந்த ஆண்டின் போட் மதுவை வாங்கி, அக்குழந்தை இருபத்தொரு வயதை அடையும் நாளுக்கென ஒதுக்கிவைக்கும் வழக்கம் உண்டு. பனங்கொட்டையை ஊன்றும் வன்னி முதியவர் செய்வதும் அஃதே. பனை பயன் தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். ஊன்றியவர் அதன் நுங்கைச் சுவைப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஒரு பெயருக்கென வைக்கப்பட்டது வைத்தவனுடைய உடைமையாக இருந்தும் முற்றாக அவனுடையதன்று. அவன் அதற்குக் காவலன். அந்த ஆள் வரும்வரை தான் அதனைத் தொடலாகாது என்ற கட்டுப்பாட்டை அவனே தனக்கு விதித்துக்கொள்கின்றான்.

அந்த ஆள் வராவிடின் என் செய்வது? வன்னியைப் பொறுத்தவரை இது ஏட்டு வினாவன்று. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களது வீடுகளிற் பேணப்படுபவை மது அல்ல; மடித்த சேட்டு, பாடசாலைக் கொப்பி, ஒரு சைக்கிள், சான்றிதழ்கள் அடங்கிய ஒரு பெட்டி. லொக்கின் அளவுகோலால் நோக்கின் இவை பயனின்றி மங்கும் பொருள்கள். இன்னொரு பிள்ளை உடுத்தக்கூடிய உடை, ஓடக்கூடிய சைக்கிள். கொடுத்துவிடுங்கள் என அயலார் அன்போடு சொல்வதும் உண்டு. ஆயின் அவற்றைக் கொடுத்தல், அலுமாரியிலுள்ள போத்தலைத் திறத்தல் போன்ற செயலாகிவிடும். திறந்த கணமே ஒரு விடை வந்துவிடும். அவ்விடையைச் சொல்லவேண்டியவர்கள் சொல்லாதிருக்க, தாயொருத்தி தன் கையாலேயே அதைச் சொல்லுமாறு கேட்பது எவ்வகை நீதி? அவள் பேணுவது உடையை அன்று. அதற்குரியவன் ஒருவன் உண்டு என்ற உரிமைக் கூற்றை. பொருள் மங்கினும் கூற்று மங்குவதில்லை. வீணாக்கலாகாது என்ற விதி தவறானதன்று. எது வீண் என்பதைப் பொருளை மட்டும் பார்த்துச் சொல்லலாம் என எண்ணியதே லொக்கின் குறை.

போராட்டம் தொடங்கிய பின்னர் அப்பெற்றோரிற் பலர் இறந்துவிட்டனர். ஐரோப்பிய நிலவறைகளில் உரியவர் இறப்பின் குறிப்பேடு வாரிசின் கைக்குச் செல்லும். எதை எந்நாளில் திறப்பது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். இவ்வீடுகளிற் குறிப்பேடு இல்லை. உள்ளிருப்பது எது என்பதையும் யாருக்கு என்பதையும் தாய் மட்டும் அறிந்திருந்தாள். தமையன் காணாமற்போன காலத்திற் கைக்குழந்தையாக இருந்த தங்கை இன்று பல்கலைக்கழகம் செல்லும் வயதினள். அவன் முகம் அவளுக்குப் படத்தால் மட்டுமே தெரியும். அப்பெட்டியின் திறப்பு இப்போது அவளிடம் இருக்கின்றது.